பென்சிலில் எழுதிய பெயர்

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் நின்றுபோன பேச்சு, வியாழக்கிழமை காலை வரை நின்றது நின்றபடியேதான் இருந்தது.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு விஷயம் இவ்வளவுதான். குழந்தைக்கு நாளை ஒரு வயது. இன்னும் பெயர் இல்லை. தடுப்பூசி அட்டையில் ‘பெண் குழந்தை’. வீட்டில் ‘குட்டி’. பகலில் விட்டுவைக்கும் காப்பகத்திலும் ‘குட்டி’தான். அங்கே குட்டி என்று கூப்பிட்டால் மூன்று தலைகள் திரும்புகின்றன. ஒரு வயதுக்குள் பிறப்புப் பதிவு அலுவலகத்தில் பெயரைச் சேர்த்தால் ஒரு கையெழுத்தோடு வேலை முடியும். தாண்டிவிட்டால் பிரமாணப் பத்திரம், சாட்சி, நாய் படாத பாடு. இன்று மாலை ஐந்து மணிக்கு அந்தக் கவுண்டரை மூடிவிடுவார்கள்.

பெயர் கிடைக்காமல் இல்லை. அம்மாவிடம் ஒரு பெயர் இருக்கிறது.

‘இதோ.’

ஆமாம், அதேதான். யாராவது கூப்பிட்டால் சொல்வோமே, அந்த இதோ.

ஞாயிற்றுக்கிழமை அதை அவள் வாய்விட்டுச் சொன்னதும் நாத்தனார் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். “அந்தப் பேரை வெச்சா என்னால கூப்பிட முடியாது,” என்றார். அரை மணி நேரம் சத்தம். மறுநாளிலிருந்து அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாத்தனார் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வீட்டிலும் தெருவிலும் அவருக்கு ‘டீச்சர்’ என்பதைத் தவிர வேறு பெயரே கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். வீட்டில் அவர் பேச்சு நின்றால், கடிகாரம் நின்றதுபோல எல்லோரும் தடுமாறிப் போவார்கள்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அக்காவின் அறைக்கும் மனைவியின் சமையலறைக்கும் நடுவே நாலு நாளாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறான். அக்காவின் அறைக் கதவருகே நின்று மூன்று தடவை மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. எதற்கு என்று அவனுக்கே தெரியாது.

இப்போது காலை எட்டு மணி. குழந்தைக்குப் பல் முளைக்கிறது. அதன் கணக்கில் இந்த வீட்டில் யாரும் தூங்கக் கூடாது.

“ஃபாரத்துல பென்சிலால எழுதியிருக்கியே,” என்றான் அவன், விண்ணப்பத்தைத் தூக்கிப் பிடித்து.

“ஆமா.”

“பேனாவால எழுத வேண்டியதுதானே?”

“நீங்க எழுதுங்க.”

“பேர் உன்னோடது.”

“பொண்ணு உங்களோடதும்தானே?”

அவன் காகிதத்தை மடித்தான். இரண்டு பேருக்கும் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. இன்று அவள்தான் விடுப்பு எடுத்துக்கொண்டு பதிவு அலுவலகம் போவதாக இருந்தது. ஏழே முக்காலுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது: மாற்று ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டாள், நீ வந்தே ஆக வேண்டும். அதனால் அவன் போகிறான். அதற்குள் டீச்சர் வழக்கத்தைவிட அரை மணி முன்னதாகக் கிளம்பிப் போய்விட்டார்.

“அக்காவோட லிஸ்ட்டையும் எடுத்துக்கறேன்,” என்றான். டீச்சர் அழகான கையெழுத்தில் பன்னிரண்டு பெயர்கள் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருந்தார். எல்லாம் நல்ல பெயர்கள், யார் வாயிலும் நுழையக்கூடியவை. அவன் அதை உரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

“எடுத்துக்கங்க. எதையாவது எழுதி முடிங்க. என்னால முடியல.”

*

ஆஸ்பத்திரியில் அவளை ‘மைக்கம்மா’ என்பார்கள். இரண்டாம் மாடியில், வெளிநோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில், மைக்கில் பெயர் கூப்பிடுவது அவள் வேலை. ஆறு டாக்டர்கள், ஆறு அறைகள், ஒரு நாளைக்கு இருநூறு பெயர்கள். மூன்று தடவை கூப்பிட வேண்டும். வரவில்லை என்றால் ஃபைல் அடியில் போகும். பதினான்கு வருடமாக இதே நாற்காலி.

பெயர் விஷயத்தில் அவளுக்கென்று சில பழக்கங்கள் உண்டு. நீளப் பெயரை எங்கே நிறுத்தி மூச்சு விட வேண்டும் என்று தெரியும். கூடம் சிரித்துவிடும் என்று தோன்றுகிற பெயர் வந்தால் மைக்கை அணைத்துவிட்டு, வரிசை வரிசையாக நடந்துபோய் மெதுவாகக் கேட்பாள். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. உடம்பு சரியில்லாமல் வந்த இடத்தில் பெயருக்காகவும் ஒரு மனிதர் தலைகுனிய வேண்டுமா என்று அவளுக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவள் சொந்தப் பெண்ணுக்கு ‘இதோ’ என்று வைக்கத் துடிக்கிறாளே, பைத்தியமா என்று நீங்கள் கேட்கலாம். அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டாள்.

காரணம் இதுதான். அவள் வயிற்றில் இரண்டு குழந்தைகள் வந்து தங்காமல் போயின. இரண்டு தடவையும் ஸ்கேன் டாக்டர் திரையைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு, வெளியே உட்காரச் சொன்னார். மூன்றாவது தடவை அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு படுத்திருந்தாள். திரை திரும்பும் சத்தம் கேட்டது. டாக்டர் சொன்னது ஒரே ஒரு வார்த்தை.

“இதோ.”

பதினான்கு வருடமாக அவள் கூப்பிட்ட ஒவ்வொரு பெயருக்கும் பதிலாக வந்த சொல். முதல்முறையாக அவளுக்காக வந்தது. அன்றைக்கே அது பெயராகிவிட்டது.

*

பதினொரு மணிக்கு அவன் போன் வந்தது. மைக்கை அணைத்துவிட்டு எடுத்தாள்.

“முடிஞ்சுதா?”

“எங்க முடிஞ்சுது? குழந்தை பேர் என்னன்னு கவுண்டர்ல இருந்தவர் கேட்டாரு. இதோன்னேன். கையை நீட்டினாரு.”

“எதுக்கு?”

“பேர் எழுதின சீட்டைக் குடுக்கப்போறேன்னு நினைச்சுட்டாரு. ‘குடுங்க’ன்னாரு. ‘இல்ல சார், இதோ’ன்னேன். ‘அதான் எங்க’ன்னாரு. ‘இதோதான் சார் பேரு’ன்னேன். ‘எதுதான் சார் பேரு’ன்னாரு. க்யூவே சிரிக்குது.”

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“கடைசியில புரிஞ்சுது அவருக்கு. நல்ல மனுஷன். ‘பேனாவால ஏறிட்டா அப்புறம் மாத்தறது கஷ்டம், வீட்டுல ஒரு தடவை கேட்டுட்டு அஞ்சு மணிக்குள்ள வாங்க’ன்னாரு.” குரல் கொஞ்சம் இறங்கியது. “நானும் சிரிச்சுட்டேன். அவங்களோட சேர்ந்து.”

“சிரிச்சா என்ன?”

“அப்பன் நானே சிரிச்சுட்டேனேன்னு இருக்கு.”

அந்தச் சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவன் மேல் கோபம் வரவில்லை, ஏனென்றால் அவன் சொல்லாமல் மறைத்திருக்கலாம். பக்கத்துக் கட்டடத்தில் ஒரு லிஃப்ட் பாதியில் நிற்கிறதாம், சரிசெய்துவிட்டு நாலரைக்கு மறுபடி போவதாகச் சொன்னான். “அதுக்குள்ள யோசிச்சு வை,” என்றான்.

யோசிக்க அவளிடம் என்ன மிச்சம் இருக்கிறது? ஒரு வருடமாக யோசித்ததுதான்.

அடுத்த ஃபைலை எடுத்தாள். மூன்றாம் எண் அறை, காது மூக்கு தொண்டை. வயது ஐம்பத்தொன்று. பெண். பெயர்: மழை.

மறுபடி படித்தாள். எழுத்துப்பிழை இல்லை. மழையேதான்.

அவளுக்குக் களைப்பெல்லாம் பறந்துவிட்டது. இப்படி ஒரு பெயரோடு ஒரு பெண் ஐம்பத்தொரு வருடம் வாழ்ந்திருக்கிறாள்! யாரோ ஒரு அம்மாவோ அப்பாவோ ஆசைப்பட்டு, துணிந்து, வைத்திருக்கிறார்கள். ஒன்றும் ஆகிவிடவில்லை. அந்தச் சந்தோஷத்தில் மைக்கை அணைக்கவும் நடந்துபோகவும் மறந்தாள். வாய் கொள்ளாத சிரிப்போடு கூப்பிட்டாள்.

“மழை! மூணாம் நம்பர் ரூம்.”

கூடம் முழுக்க ஜன்னலைத் திரும்பிப் பார்த்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

“மழை, மூணாம் நம்பர் ரூம்.”

“ஐயையோ, மாடியில துணி காயுதே,” என்று ஒரு அம்மாள் பதறினாள். ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்த ஒருவர் வண்டி சீட்டை மூட எழுந்தே விட்டார். “மூணாம் நம்பர்ல ஒழுகுதா?” என்று யாரோ கேட்டார்கள்.

“மழை!”

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

“அப்பாடா, மழை நின்னுடுச்சு,” என்றார் ஹெல்மெட்காரர்.

கூடமே சிரித்தது. இரண்டு மணி நேரமாக வலியோடும் சலிப்போடும் உட்கார்ந்திருந்தவர்கள். பாவம், ஒரு சிரிப்புக்கு ஏங்கிப்போயிருந்தார்கள்.

எழுந்து நின்றது டீச்சர்.

*

மூன்றாம் எண் அறையிலிருந்து டீச்சர் வெளியே வர முக்கால் மணி ஆயிற்று. மைக்கம்மா சாப்பாட்டு நேரத்தை முன்னதாகவே வாங்கிக்கொண்டு, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போட்டிருந்த பெஞ்சில் காத்திருந்தாள்.

“அண்ணி.”

டீச்சர் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக் காட்டினார். புள்ளி, காற்புள்ளி எல்லாம் சரியாக இருந்தது.

‘நீ இன்று விடுப்பு என்று நினைத்தேன். உன் குரல் கேட்டதும் கடைசி வரிசைக்குப் போய்விட்டேன்.’

“கடைசி நேரத்துல மாறிடுச்சு. நீங்க எங்ககூடப் பேசியிருந்தாத் தெரிஞ்சிருக்குமே?”

‘பேசக் கூடாது. திங்கட்கிழமையிலிருந்து. எங்கள் பள்ளிக்குப் பக்கத்து டாக்டர் உத்தரவு. அவர்தான் இங்கே அனுப்பினார்.’

மைக்கம்மா அதை இரண்டு தடவை படித்தாள். நாலு நாள் கோபம் என்று இவர்கள் நடுங்கியதெல்லாம் தொண்டைக் கோளாறா? சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“இப்படி ஒரு சீட்டு எழுதிக் காட்டியிருக்கக் கூடாதா? உங்க தம்பி மூணு தடவை மன்னிப்புக் கேட்டாரு!”

‘அது எனக்குப் பிடித்திருந்தது.’ டீச்சரின் முகத்தில் துளி சிரிப்பு. பிறகு எழுதினார்: ‘தெரிந்தால் நீ என் ஃபைலைத் தேடிப் பார்ப்பாய்.’

பார்த்திருப்பாள்தான். “அதுக்காக வேற பேரைக் குடுத்தீங்களா?”

‘வேறு பெயர் இல்லை. என் பெயர்தான்.’

அதற்குப் பிறகு டீச்சர் ஒன்றரைப் பக்கம் எழுதினார். சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் பிறந்த நாளில் வெளுத்து வாங்கியதாம். அப்பா ஆசைஆசையாக மழை என்று பெயர் வைத்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே “மழை!” என்று சிரித்துக்கொண்டே கூப்பிடுவார். பள்ளிக்கூடம் போகும்வரை அதைவிட நல்ல பெயர் உலகத்தில் இல்லை என்றுதான் அவர் நினைத்திருந்தார். பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும்போது பெயரைக் கூப்பிடுவார்கள், எழுந்து நிற்க வேண்டும். எழுந்தால் நாற்பது குரல்கள்: மழை நின்னுடுச்சு! உட்கார்ந்தால், மழை விட்டுடுச்சு! அழுதால், கேட்கவே வேண்டாம், மழை பெய்யுது! எட்டு வருடம். ஒரு நாள் விடாமல். பதினான்கு வயதில் அவர் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அப்பாவே வந்து மனு எழுதிக்கொடுத்துப் பள்ளிப் பதிவேட்டில் பெயரை மாற்றினார். அதற்குப் பிறகு அப்பா அவரைப் புதுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பழைய பெயரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்து ‘டீச்சர்’ என்றார். தம்பி அப்போது ஒரு வயதுக் குழந்தை. அவனுக்கு அக்கா என்றைக்கும் டீச்சர்தான்.

‘பெயருக்கு ஏற்ற மாதிரி டீச்சராகவே ஆகிவிட்டேன். மிச்சப் பழியைப் பிள்ளைகள் மேல் தீர்த்துக்கொள்கிறேன்’ என்று முடித்திருந்தார்.

மைக்கம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “நான் சிரிச்சுக்கிட்டே கூப்பிட்டேன் அண்ணி. இப்படி ஒரு பேரான்னு சந்தோஷத்துல... சாதாரணமா நான் அப்படிக் கூப்பிடறவளே இல்ல. மன்னிச்சுடுங்க.”

டீச்சர் எதையோ எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார்.

‘அப்பா அப்படித்தான் கூப்பிடுவார். அதைக் கேட்டு முப்பத்தேழு வருடம் ஆயிற்று.’

பிறகு டீச்சர் அதே பக்கத்தில், கீழே எழுதினார்.

‘ஆனாலும் எழுந்தபோது என் கால் நடுங்கியது. இந்த வயதில். குட்டிக்கு ஆறு வயதில் நடுங்கும். அன்று மைக் உன் கையில் இருக்காது.’

கடைசி வரியின் அடியில் கோடு போட்டிருந்தார். வாத்தியார் கோடு, நேராக இருந்தது.

டீச்சர் சண்டைக்கு வந்திருந்தால் மைக்கம்மா பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். கால் நடுங்கியது என்றால் என்ன பேச முடியும்? நெஞ்சுக்குள் ஒரு வருடமாகப் பொத்திவைத்திருந்ததை அவளே அவிழ்த்துக் கீழே வைத்தாள்.

“லிஸ்ட்ல நாலாவது பேரு நல்லாத்தான் இருக்கு,” என்றாள். “அதையே வெச்சுடலாம்.”

டீச்சர் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவள் கையைப் பிடித்து ஒரு தடவை தட்டிக்கொடுத்தார்.

“டாக்டர் என்ன சொன்னார்?”

‘தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். பெரிய டாக்டரிடம் காட்டிவிட்டு, மாலை சொல்கிறேன் என்றார். தம்பியிடம் இப்போது சொல்லாதே. முதலில் பெயர் வேலை முடியட்டும்.’

*

நாலரைக்கு மைக்கம்மாவின் வேலை முடிந்தது. வீட்டுக்குப் போகாமல், தான் பதினான்கு வருடமாக எதிரே இருந்து பார்த்த நாற்காலிகளில் ஒன்றில் முதல்முறையாக உட்கார்ந்தாள். அது இவ்வளவு சங்கடமான நாற்காலி என்று அவளுக்குத் தெரியாது. காப்பகத்துக்குப் போன் செய்து, வர அரை மணி தாமதமாகும் என்றாள். “எந்தக் குட்டியோட அம்மா?” என்று கேட்டார்கள்.

நாலே முக்காலுக்கு டாக்டர் டீச்சரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கதவு சாத்திக்கொண்டது.

நாலு ஐம்பத்திரண்டுக்கு அவன் போன் வந்தது. மூச்சு வாங்கியது.

“கவுண்டர்ல நிக்கறேன். லிஃப்ட் வேலை இழுத்துடுச்சு. என்னைத் தவிர யாரும் இல்ல, அந்த நல்ல மனுஷன் பூட்டறதுக்கு சாவியைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. பேனா திறந்து வெச்சிருக்கேன். சொல்லு, என்ன எழுதட்டும்?”

நாலாவது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அவள் வாயைத் திறந்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். வைக்காமலே பறிகொடுக்கிற பெயருக்காக அழலாமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

“கேக்குதா? என்ன பேரு?”

மூன்றாம் எண் அறையின் கதவு பாதி திறந்தது. டாக்டர் தலையை நீட்டினார்.

“மழையம்மாவோட வந்தவங்க யாராவது இருக்கீங்களா?”

இத்தனை வருடத்தில் மைக்கம்மா ஒன்றைக் கற்றிருக்கிறாள். சின்ன விஷயமாக இருந்தால் டாக்டர்கள், நோயாளியோடு வந்தவர்களைத் தேட மாட்டார்கள். அவள் துள்ளி எழுந்தாள்.

“இதோ!”

“அப்படிச் சொல்லு!” என்றது காதோரம் இருந்த போன். “எனக்கு அப்பவே தெரியும், நீ மாத்த மாட்டேன்னு. எழுதறேன். இனிமே யார் சிரிச்சாலும் நான் சிரிக்க மாட்டேன், சத்தியமா. இ... தோ. எழுதியாச்சு.”

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

“என்னங்க, இருங்க...”

“அம்மா, உள்ளே வாங்க,” என்றார் டாக்டர்.

கவுண்டர் மூட இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அடித்து எழுதிவிடலாம். திறந்த கதவு வழியே டீச்சர் தெரிந்தார். பேச முடியாத அந்த மனுஷி, பதில் வந்த திசையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தைக் காலி செய்தார்.

மைக்கம்மா போனை அணைத்தாள். உள்ளே போய், அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.